கொரிய எழுத்தை எந்த வழியில் பழகுவது? ரோமன், தமிழ், படம், வாய்வடிவம்: ஓர் ஒப்பீடு

ஹாங்குல் எனப்படும் கொரிய எழுத்தில் அடிப்படை எழுத்துகள் 24. மெய் 14, உயிர் 10. இரட்டை மெய்களையும் கூட்டு உயிர்களையும் சேர்த்துக்கொண்டால் 19 மெய், 21 உயிர், மொத்தம் 40. தமிழின் 247-ஐ எழுதிப் பழகிய கைக்கு இது பெரிய மலை இல்லை. 1446-இல் மன்னர் செஜோங் இந்த எழுத்தை அறிவித்தபோது கூடவே வந்த விளக்க நூலின் பின்னுரை, அறிவுள்ளவர் ஒரு காலைப்பொழுது முடிவதற்குள் கற்றுவிடுவார், மந்தமானவருக்கும் பத்து நாள் போதும் என்று சொல்கிறது. அது மிகையில்லை. அதனால் “எந்த முறையில் சீக்கிரம் வரும்?” என்று கேட்டுப் பயனில்லை. எல்லா முறையிலும் சீக்கிரம் வரும். மூன்றாவது வாரத்தில் எந்த முறை காலை வாரிவிடும் என்பதுதான் தேர்வுக்கு உரிய கேள்வி. முதல் நாளில் பிடித்த தவறான உச்சரிப்பை மறப்பது, புதிதாக நாற்பது எழுத்து கற்பதைவிடக் கடினம்.

கீழே எழுத்துகளைப் பெயராலும் வடிவத்தாலும் குறிப்பிடுகிறோம். ஓர் எழுத்துப் பட்டியலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் எளிது.

ரோமன் எழுத்து வழி

பெரும்பாலானவர்கள் இதில்தான் தொடங்குகிறார்கள். பாட்டு வரிகள் ரோமனில் கிடைக்கின்றன, செயலிகளும் ஒவ்வொரு எழுத்தின் கீழும் ரோமனைப் போட்டு வைக்கின்றன. ஆனால் ரோமன் ஒலிபெயர்ப்பு கொரிய மொழியைக் கற்பதற்காக ஏற்பட்டதல்ல. ஊர்ப்பெயர், பாஸ்போர்ட், நூலக அட்டை போன்றவற்றுக்காக ஏற்பட்டது. தென்கொரியாவில் இப்போது நடப்பில் இருப்பது 2000-இல் வந்த திருத்திய முறை. அதற்கு முன்பு 1930-களில் உருவான வேறொரு முறை பரவலாக இருந்தது. பூசான் என்ற ஒரே துறைமுக நகரம் பழைய புத்தகத்தில் ‘P’ எழுத்திலும் புதிய வரைபடத்தில் ‘B’ எழுத்திலும் தொடங்குவது அதனால்தான்.

குடும்பப் பெயர்கள் இன்னும் மோசம். அவரவர் விருப்பப்படி எழுதியவை அவை. நாம் ‘லீ’ என்று படிக்கும் பெயர் தென்கொரியாவில் வெறும் ‘ஈ’. ‘பார்க்’ என்பதில் ‘ர்’ கிடையாது, ‘பக்’ என்பதுதான் ஒலி. ‘சோய்’ என்பது ‘ச்வே’. சென்னைக்குப் பக்கத்தில் கார் தொழிற்சாலை வைத்திருக்கும் ஹூண்டாயின் பெயர் கொரிய வாயில் ஏறக்குறைய ‘ஹ்யொந்தே’ என்று ஒலிக்கும். ‘டாய்’ எங்கும் இல்லை.

மாணவர்களை வீழ்த்துவது இரண்டு உயிர்கள். ஒன்று, நிமிர்கோட்டின் இடப்பக்கம் சிறுகோடு கொண்ட உயிர். ரோமனில் அதற்கு இரண்டு எழுத்து போடுகிறார்கள். பார்ப்பவர் அதை ‘எயோ’ என்று இரண்டாக்கிப் படிக்கிறார். தலைநகரின் பெயர் தமிழில் ‘சியோல்’ ஆனதும் இதே வழியில்தான். உண்மையில் அது இரண்டு அசை: முதல் அசையில் இந்த உயிர், இரண்டாவது ‘உல்’. மற்றொன்று கிடைக்கோடு மட்டும் கொண்ட உயிர். அதற்கும் ரோமனில் இரட்டை எழுத்து, அதற்கும் ‘இயு’, ‘எயு’ என்று விதவிதமான உளறல்.

அசை எங்கே முறிகிறது என்பதும் ரோமனில் தெரியாது. ‘ஹன்குக்’, அதாவது கொரியா, என்ற சொல்லை ‘ஹங்-உக்’ என்றும் பிரித்துப் படிக்க இடமிருக்கிறது. ஹாங்குலில் அந்தச் சந்தேகமே எழாது, ஒவ்வோர் அசையும் தனிக் கட்டத்துக்குள் இருக்கிறது.

ரோமனை முழுக்க ஒதுக்கிவிடலாம் என்றே சொல்வோம். ரோமனில் எழுதிய ஊர்ப்பெயரை அடையாளம் காண ஒருநாள் தேவைப்படும். ஹாங்குல் தெரிந்தபின் அந்தப் பட்டியலைப் பார்த்தால் கால் மணி நேரத்தில் புரிந்துவிடும். தலைகீழாகப் போனால்தான் சிக்கல்.

தமிழ் எழுத்து வழி

இதை மட்டமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒலியைப் பொறுத்தவரை ரோமனைவிட இது பல படி மேல். காரணம், கொரிய மெய்யொலிகள் நடந்துகொள்ளும் விதம் தமிழ் வல்லினத்தோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறது.

தமிழில் ‘க’ ஓர் எழுத்துதான். சொல்லின் தொடக்கத்தில் வன்மையாகவும், மெல்லினத்துக்குப் பின்னால் மென்மையாகவும் தானே மாறிக்கொள்கிறது. ‘கம்பு’ என்பதில் க, ப இரண்டையும் பாருங்கள். கொரிய ‘கியொக்’, ‘திகுத்’, ‘பியுப்’, ‘ஜியுத்’ (முறையே க, த, ப, ச வகை எழுத்துகள்) ஆகிய நான்கும் அப்படியே. சொல் முதலில் வன்மை, இரண்டு உயிர்களுக்கு இடையிலும் மூக்கொலிக்குப் பின்பும் மென்மை. ‘குது’ என்றால் தோல் காலணி. தமிழர் அதை எழுதியபடி வாசித்தாலே முதல் எழுத்து வன்மையாகவும் ‘து’ மென்மையாகவும் சரியாக வந்துவிடும். ஆங்கில வழியில் போனவருக்கு இதை ஒரு விதியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. திகுத் என்பது ‘த’வுக்கு நெருக்கம் என்பதையும் கவனிக்கவும். ஆங்கிலப் பழக்கத்தில் ‘ட’ போட்டு எழுதுவது தமிழில் வெளியாகும் பல பாடங்களின் குறை.

இரட்டை மெய்கள் ஐந்து. ஆங்கிலம் பேசுபவரைப் பாடாய்ப் படுத்தும் இந்த ஒலிகள் நமக்கு ‘அக்கா’, ‘பச்சை’, ‘அப்பா’ என்பவற்றில் தினமும் வருகின்றன. பெண்கள் அண்ணனை அழைக்கும் சொல்லைத் தமிழில் ‘ஒப்பா’ என்று எழுதினால் கிட்டத்தட்ட முழு மதிப்பெண். சொல்லின் முதலில் இந்த ஒலி வரும்போதுதான் தடுமாற்றம், ஏனென்றால் தமிழில் அப்படிச் சொல் தொடங்காது. ‘அக்கா’ என்று நிதானமாகச் சொல்லி, ‘அ’வை மனத்துக்குள் வைத்துக்கொண்டு ‘க்கா’வை மட்டும் வெளியே விட்டுப் பழக வேண்டும்.

அந்தக் கிடைக்கோட்டு உயிரும் நம்மிடம் இருக்கிறது. ‘பாட்டு’, ‘பந்து’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசி உகரம் உதடு குவியாமல் குறுகி ஒலிக்கிறதே, அந்தக் குற்றியலுகரம்தான் ஏறக்குறைய இது. ‘சோறு’ என்பதன் கடைசி ஒலியைப் பிடித்துக்கொண்டு நீட்டிப் பாருங்கள், உதடு தட்டையாக இருக்க வேண்டும்.

‘ரியுல்’ உயிர்களுக்கு நடுவே ‘ர’, அசைக் கடைசியில் ‘ல்’. நம்மிடம் இரண்டும் உண்டு. அசைக் கடைசியில் வரும் வட்டம் ‘ங்’. ‘மாங்காய்’ என்பதில் ‘மாங்’ வரை சொல்லி நிறுத்தினால் போதும்.

இத்தனை இருந்தும், ஒவ்வொரு சொல்லின் கீழும் தமிழில் எழுதிவைத்துப் படிக்கும் முறையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டே போதும். நிலவு, மகள், முகமூடி ஆகிய மூன்றுக்கும் கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் ‘தல்’தான். முதலாவது சாதா, இரண்டாவது இறுக்கமான ‘த்த’, மூன்றாவது காற்று பீறிடும் ‘த’. எழுத்துகளின் பெயரிலேயே இந்தக் குழப்பம் தொடங்கிவிடுகிறது. சாதா ‘ப’வின் பெயரும் மூச்சொலி ‘ப’வின் பெயரும் தமிழில் ‘பியுப்’ என்றே வந்து நிற்கின்றன.

மூச்சொலி எழுத்துகள் நான்கு: க, த, ப, ச வகைக்கு ஒவ்வொன்று. இந்தி படித்தவர்களுக்கு ‘கானா’ (சாப்பாடு) என்பதன் முதல் ஒலி நினைவிருக்கும், அந்த இனம்தான். மற்றவர்கள் ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு இரண்டு விரல் தள்ளிப் பிடித்துச் சொல்லிப் பார்க்கலாம். மூச்சொலி ‘ப’வுக்குக் காகிதம் துள்ள வேண்டும், இறுக்கமான ‘ப்ப’வுக்கு அசையவே கூடாது. சாதா ‘ப’வுக்கு லேசாக அசையும். இன்றைய சியோல் பேச்சில் சொல்லின் முதலில் வரும் சாதா எழுத்தையும் மூச்சொலியையும் பிரிப்பது காற்றைவிடச் சுருதிதான். மூச்சொலிக்குப் பின் குரல் உயர்ந்து நிற்கும், சாதாவுக்குப் பின் தாழ்ந்து தொடங்கும். கேட்டு வேறுபடுத்த முடியாமல் தவிப்பவர்கள் சுருதியைக் கவனித்தால் தெளிவு பிறக்கும்.

தமிழில் சுத்தமாக இல்லாத உயிர், முன்பு சொன்ன இடக்கோட்டு உயிர். ‘ஒ’ சொல்லும்போது குவியும் உதட்டைத் தளரவிட்டு, தாடையைக் கொஞ்சம் இறக்கினால் அது வரும். அதைத் தமிழில் ‘ஒ’ என்று எழுதினால் உண்மையான ‘ஒ’வோடு கலந்துவிடும், ‘அ’ என்று எழுதினாலும் இதே கதிதான்.

ஆகத் தமிழைக் காதுக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள், தாளில் எழுதாதீர்கள். எந்த ஒலி நம்மிடம் உண்டு, எது இல்லை என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் தமிழின் வேலை முடிந்தது.

படமா, வாய்வடிவமா?

எழுத்தை ஏதாவது ஒரு பொருளாகக் கற்பனை செய்து நினைவில் வைக்கும் முறை இணையமெங்கும் கிடைக்கிறது. பெரும்பாலானவை ஆங்கிலச் சொல்லை நம்பியவை: கியொக்குக்குத் துப்பாக்கி, நியுனுக்கு மூக்கு என்று ஆங்கிலத்தின் முதலெழுத்தைப் பிடித்துக்கொண்டு போகும். நாம் படத்திலிருந்து ஆங்கிலச் சொல்லுக்கும், அதிலிருந்து ஒலிக்கும் இரண்டு தாவல் தாவ வேண்டும். ஒரு மணி நேரத்தில் 24 எழுத்தும் மனப்பாடம் ஆகிவிடும், அதில் பொய்யில்லை. ஆனால் வாசிக்கும்போது வேகம் ஏறாது.

செஜோங்கின் விளக்க நூல் சொல்லும் வழி வேறு. ஐந்து மெய்கள் வாயின் படங்கள். கியொக்: நாவின் அடி தொண்டையை அடைக்கும் வடிவம். நியுன்: நாவின் நுனி மேலண்ணத்தைத் தொடும் வடிவம். மியும் சதுரம், வாய். சியொத் கூரை போன்ற இரண்டு சாய்கோடு, பல். இயுங் வட்டம், தொண்டை. நியுன் நம் ‘ட’ போலவே இருக்கும், ஆனால் ஒலி ‘ந’. இந்த இடத்தில் தமிழ்க் கண் முதல் இரண்டு நாள் ஏமாறும். அது நாக்கின் வடிவம், நாவின் முதலெழுத்து ந என்று தற்செயலாக அமைந்த பொருத்தத்தைப் பயன்படுத்திக்கொண்டால் தீர்ந்தது. அதே ‘ட’வைத் தலைகீழாகச் சுழற்றினால் கியொக்.

பிறகு கோடு சேர்ப்பது. கியொக்கில் ஒரு கோடு கூடினால் மூச்சொலிக் ‘க’. நியுனின் மேல் ஒரு கோடு வந்தால் திகுத், அதில் இன்னொரு கோடு வந்தால் மூச்சொலித் ‘த’. சியொத்தின் மேல் கோடு போட்டால் ஜியுத், அதற்கும் மேல் ஒன்று போட்டால் மூச்சொலி. ஒலி வலுக்க வலுக்கக் கோடு கூடுகிறது. அதே எழுத்தை இருமுறை எழுதினால் இறுக்கம். தமிழ் எழுத்தில் பிரித்துக் காட்ட முடியாத அந்த மூன்று ‘தல்’களும் இங்கே வடிவத்திலேயே உறவைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. இதனால்தான் நாங்கள் இந்த முறைக்கு முதலிடம் தருகிறோம். ரியுல் மட்டும் இந்தக் கணக்கில் சரியாகப் பொருந்தாது, அதைத் தனியாக மனப்பாடம் செய்துவிட வேண்டியதுதான்.

உயிர்கள் இன்னும் எளிது. நிமிர்கோடு ‘இ’, கிடைக்கோடு குற்றியலுகரம். நிமிர்கோட்டின் வலப்புறம் சிறுகோடு போட்டால் ‘ஆ’, இடப்புறம் போட்டால் அந்தத் தளர்ந்த ‘ஒ’. கிடைக்கோட்டின் மேல் போட்டால் ‘ஓ’, கீழே போட்டால் ‘உ’. சிறுகோடு இரண்டானால் முன்னால் ஒரு யகரம் சேரும்: யா, தளர்ந்த ‘யொ’, யோ, யூ. பத்தும் முடிந்தது. தொடக்கத்தில் வலம் இடம் மாறுவதும் மேல் கீழ் மாறுவதும் எல்லோருக்கும் வரும் தவறு. அதைப் படம் போட்டுத் தீர்க்க முடியாது, எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

கூட்டு உயிர்களில் ஓர் எச்சரிக்கை. ‘ஏ’ போல் ஒலிக்கும் இரண்டு உயிர்கள் இன்று பெரும்பாலான கொரியர் பேச்சில் ஒன்றாகிவிட்டன. நாயும் நண்டும் ஒரே ஒலி, எழுத்து மட்டும் வேறு. காதில் வேறுபாடு கேட்கவில்லையே என்று நேரத்தைச் செலவிடாமல், சொல்லோடு சேர்த்து எழுத்தை நினைவில் வையுங்கள்.

அசை அட்டவணை

14 மெய், 10 உயிர் பெருக்கி 140 கட்டம். கொரியக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடிப் படித்த அட்டவணை இது, நம் ‘க கா கி கீ’ போலவே. மனப்பாடத்துக்கு இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழில் கி, கு, கூ ஒவ்வொன்றும் வடிவம் மாறுவதால் அட்டவணை தேவைப்பட்டது, ஹாங்குலில் எழுத்து அப்படி உருமாறுவதில்லை. வேகப் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்தலாம்: விரலை எங்காவது வைத்து, ஒரு வினாடிக்குள் படிக்க வேண்டும். வரிசையாகப் பாடினால் வாய்தான் பழகும், கண் பழகாது.

மேலும் இந்த அட்டவணையில் ‘பட்சிம்’ எனப்படும் கீழ்மெய் இருக்காது. அசையின் அடியில் ஒட்டும் மெய் அது. எந்த முறையில் கற்றவரும் மூன்றாவது வாரத்தில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். எழுத்தில் எத்தனை வகை கீழ்மெய் இருந்தாலும் ஒலி ஏழுதான்: க், ந், த், ல், ம், ப், ங். பகல், அரிவாள், முகம் ஆகிய மூன்று சொற்களும் வெவ்வேறு கீழ்மெய்யோடு எழுதப்பட்டு, தனியே சொல்லும்போது மூன்றும் ‘நத்’ என்றே ஒலிக்கும். தமிழர் இங்கே வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு: பஸ்ஸை ‘பஸ்ஸு’ ஆக்குவதுபோல, சோற்றுக்கான ‘பப்’ என்ற சொல்லை ‘பப்பு’ ஆக்கிவிடுகிறோம். உதட்டை மூடிய பிறகு திறக்காமல் அப்படியே நிறுத்துங்கள். பழகும்வரை கையால் மூடிக்கொண்டு சொன்னாலும் தவறில்லை.

கீழ்மெய்க்கு அடுத்து உயிர் வந்தால் மெய் அதன்மேல் ஏறிக்கொள்ளும். மரம் + இல்லை, மரமில்லை ஆவதை அறிந்தவருக்கு இதில் விளக்க எதுவும் இல்லை. ஒரே வேறுபாடு, நாம் சேர்த்து எழுதிவிடுவோம், கொரியர் பிரித்தே எழுதிச் சேர்த்துச் சொல்வார்கள். இசையை ‘உம்-அக்’ என்று எழுதி ‘உமக்’ என்று படிப்பார்கள். ‘இப்-நி-தா’ என்று எழுதி ‘இம்நிதா’ என்று சொல்வது மெல்லினம் பக்கத்தில் வந்ததால் நேரும் திரிபு. ரோமன் அல்லது தமிழ்ப் பெயர்ப்பு, எழுதிய வடிவத்தையோ ஒலியையோ ஏதாவது ஒன்றைத்தான் காட்டும். அந்தக் குறிப்பை நம்பி வாசித்தவர் இங்கே நின்றுவிடுகிறார்.

கையா, விசைப்பலகையா?

கணக்குப் பாடத்துக்கு வாங்கும் கட்டம் போட்ட நோட்டு போதும். கட்டம் சிறியதென்றால் நான்கு கட்டத்தை ஓர் அசைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்பதே அடிப்படை. வட்டம் மேலே தொடங்கி இடப்பக்கமாக இறங்கும். ரியுல் மூன்று வீச்சு. சாதா ‘ப’ நான்கு: இடக்கோடு, வலக்கோடு, நடுக்கோடு, அடிக்கோடு. நம் ‘ப’வைப் போல ஒரே இழுப்பில் எழுதி நடுவில் கோடு போடுபவர்களின் எழுத்து, வேகம் கூடும்போது சிதறும். கியொக் நிமிர்கோட்டு உயிருக்குப் பக்கத்தில் வரும்போது இடப்பக்கம் சாய்ந்து இறங்கும், கிடைக்கோட்டு உயிரின் மேல் உட்காரும்போது நேராக நிற்கும். இதை எழுதிப் பார்த்தால்தான் பிறர் கையெழுத்தைப் படிக்க முடியும். சில அச்சு வடிவங்களில் வட்டத்தின் தலையில் ஒரு சிறு கொம்பு இருக்கும். அதை ‘ஹ’ என்று நினைத்துவிட வேண்டாம்.

விசைப்பலகையில் பெரும்பாலும் மெய் இடக்கைக்கு, உயிர் வலக்கைக்கு. அசையை அது தானே அடுக்கிவிடும் என்பதால், எது எங்கே உட்கார வேண்டும் என்ற அறிவு கைக்கு வராது. அதனால் முதல் வாரம் நோட்டு, இரண்டாம் வாரம் விசைப்பலகை. கைப்பேசியில் ‘சொன்ஜிஇன்’ என்ற அமைப்பு கிடைத்தால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். புள்ளி, கிடைக்கோடு, நிமிர்கோடு என மூன்றே விசையில் எல்லா உயிரும் அமையும். செஜோங் வகுத்த வானம், நிலம், மனிதன் அப்படியே விரலடியில் இருக்கின்றன.

யாருக்கு எது

இலங்கையிலிருந்து கொரிய வேலைக்குப் போக இ.பி.எஸ். டோபிக் என்ற வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான கொரிய மொழித் தேர்வு எழுதுபவருக்கு வாசிப்பும் கேட்டலும்தான். டோபிக் எனப்படும் பொதுக் கொரிய மொழித்திறன் தேர்வின் முதல் நிலையிலும் கேட்டல் 30, வாசிப்பு 40 வினா, எழுத்துத் தாள் கிடையாது. இவர்கள் வாய்வடிவ முறையில் ஐந்தாறு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் கற்று, பக்கம் பக்கமாக எழுதாமல், மீதி நேரம் முழுவதையும் கீழ்மெய்க்கும் கேட்டலுக்கும் கொடுக்கலாம். டோபிக் இரண்டாம் நிலையில் எழுத்து வினா நான்கு, கடைசி வினாவுக்கு 600 முதல் 700 எழுத்து வரை எழுத வேண்டும். காகிதத் தேர்வில் கட்டம் போட்ட தாளில் கையால் எழுத வேண்டும். அங்கே போக நினைப்பவர் முதல் நாளே பேனாவை எடுக்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, செய்திகளைப் படித்துப் பதில் போட்டால் போதும் என்பவருக்கு விசைப்பலகையே முதன்மை. நோட்டு நான்கு நாள் போதும்.

பாட்டு வரிகளுக்காகக் கற்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ரோமனில் பல பாடல்களை மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்தப் பாடல்களையே ஹாங்குலில் எடுத்து வைத்துக்கொண்டு, பாட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, அசைக்கு அசை விரல் வைத்துப் பின்தொடர வேண்டும். வார்த்தை தெரியும் என்பதால் எழுத்து தானாக ஒட்டும். வாய் பழைய ரோமன் உச்சரிப்புக்கே திரும்பும் இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். வட்டங்களில் பெரும்பகுதி அந்த இரண்டு உயிர்களின் மேல்தான் விழும்.